தவளைக் கருவில் செல் அடுக்குகள் நகர்வதும் மடிவதும்: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

கேஸ்ட்ருலேஷன் (கருவின் செல்கள் இடம் மாறி மூன்று அடுக்குகளாக அமையும் கட்டம்) பாடத்தைப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு நினைவில் நிற்பது பெரும்பாலும் அம்புக்குறிகள்தான். ஒரு வட்டம், அதன் ஓரத்தில் உள்ளே வளைந்து போகும் அம்பு, அடுத்த படத்தில் மூன்று நிறத்தில் மூன்று அடுக்கு. அந்த அம்புக்குப் பின்னால் உழைப்பது யார் என்று கேட்டால் பதில் வராது. தேர்வுக்கு அந்தப் படம் போதும். ஆனால் விஷயம் புரியாது.

கருவுக்கு வெளியே இருந்துகொண்டு அடுக்கை மடித்துவிட யாரும் இல்லை. ஒரு செல் தன் வடிவத்தை மாற்றுகிறது, ஒரு செல் பக்கத்துச் செல்களுக்கு நடுவே நுழைகிறது, ஒரு செல் பிடிமானத்தைத் தேடி ஊர்கிறது. இவை ஆயிரக்கணக்கில் சேரும்போது அடுக்கு மடிகிறது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போகும்: இங்கே வேலை செய்யும் செல் எது? சும்மா கூட வரும் செல் எது? அந்த வேலையைத் தடுத்தால் கருவுக்கு என்ன ஆகும்?

பின்தொடரப் போவது ஜெனோபஸ் லேவிஸ் என்னும் தென்னாப்பிரிக்கத் தவளையின் கருவை. கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கிறது, அறை வெப்பத்தில் ஒரே நாளுக்குள் முழுக் கதையும் முடிந்துவிடுகிறது. கர்ப்பிணிகளின் சிறுநீரில் இருக்கும் ஹார்மோனை ஊசியில் போட்டால் இந்தத் தவளை முட்டையிடும். அதனால் ஒரு காலத்தில் கர்ப்பப் பரிசோதனைக்கே இதைப் பயன்படுத்தினார்கள். அப்படித்தான் இது உலகெங்கும் ஆய்வகங்களுக்குள் நுழைந்தது. இன்றும் அதே ஹார்மோனைக் கொடுத்தால் ஆண்டு முழுவதும் முட்டை கிடைக்கும்.

தொடங்கும் முன் ஒரு தயாரிப்பு

வெள்ளைத் தாளும் மூன்று வண்ணப் பென்சில்களும் எடுத்துக்கொள்ளுங்கள். கருவியலில் வழக்கமாகப் புற அடுக்குக்கு (எக்டோடெர்ம்) நீலம், நடு அடுக்குக்கு (மீசோடெர்ம்) சிவப்பு, அக அடுக்குக்கு (எண்டோடெர்ம்) மஞ்சள். கீழே வரும் ஒவ்வொரு படியையும் வரைந்து பாருங்கள். படித்தால் மட்டும் இது மனதில் தங்காது, கை வரைய வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பாடத்தில் குழப்பம் வருவதற்கு முக்கியக் காரணம், புத்தகங்கள் சொல்லாமலே வெட்டுக் கோணத்தை மாற்றிவிடுவதுதான். கேஸ்ட்ருலேஷனை வரையும்போது கருவை முதுகிலிருந்து வயிறு வரை நடுவாக, நீளவாக்கில் வெட்டியதுபோல் வரைய வேண்டும். நரம்புக்குழல் (பிற்காலத்தில் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழல்) மடிவதை வரையும்போது முதுகுக்குக் குறுக்கே வெட்டியதுபோல் வரைய வேண்டும். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் இது எந்த வெட்டு என்று கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 1: நகர்வதற்கு முன்பு இருக்கும் கரு

முட்டையின் விட்டம் சுமார் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர். மேல் பாதி கரும்பழுப்பு நிறம், கீழ்ப் பாதி வெளிறியது, மஞ்சள்கரு நிறைந்தது. மேல் பாதியில் ஓரிடத்தில் விந்தணு நுழைகிறது. முதல் பிளவுக்கு முன்பே முட்டையின் வெளிப்புறத் தோல் உட்பகுதியின் மேல் சுமார் 30 பாகை திரும்புகிறது. இந்தச் சிறு திருப்பம்தான் முதுகு எங்கே என்று தீர்மானிக்கிறது: விந்தணு நுழைந்த இடத்துக்கு நேர் எதிர்ப்புறம் முதுகு. முட்டையின் அடிப்பகுதியில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி இந்தத் திருப்பத்தைத் தடுத்தால், முதுகே இல்லாத, நரம்பு மண்டலமே இல்லாத உருண்டை ஒன்றுதான் மிஞ்சும்.

கருவுற்று சுமார் 90 நிமிடத்தில் முதல் பிளவு. அதன்பின் ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு பிளவு. 12 பிளவுகள் முடிந்ததும் சுமார் 4000 செல்கள். கரு இத்தனை பிரிந்தும் ஒரு துளிகூடப் பெரிதாகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே பொருள் சின்னச் சின்னதாகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இனி வரும் நகர்வுகளும் வளர்ச்சியால் வருபவை அல்ல. இருப்பதை இடம் மாற்றுவதுதான் நடக்கப்போகிறது.

இப்போது நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால், மேல் பாதிக்குள் திரவம் நிறைந்த ஒரு குழி. அதன் கூரை பல செல் கனம் கொண்டது, அது பிற்காலத்தில் தோலும் நரம்பும் ஆகும், நீலம் தீட்டுங்கள். குழியின் தரை பெரிய பெரிய மஞ்சள்கருச் செல்கள், அது குடலாகும், மஞ்சள் தீட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே கருவைச் சுற்றி ஓடும் வளையம்தான் சிவப்பு: தசை, எலும்பு, இரத்தம், முதுகுநாண் (கருவின் முதுகு நெடுக ஓடும் தண்டு) எல்லாம் இதிலிருந்துதான். ஜெனோபஸில் இந்தச் சிவப்பு வளையம் பெரும்பாலும் மேற்பரப்பில் இல்லை, ஒரு அடுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. வால்தர் வோக்ட் 1920களில் நீர்ப்பல்லி வகைக் கருக்களின் மேற்பரப்பில் சாயம் தோய்த்த அகார் துண்டுகளை ஒட்டி, எந்தப் பகுதி எங்கே போகிறது என்று வரைபடம் போட்டார். அந்தப் படத்தை அப்படியே ஜெனோபஸுக்குப் பொருத்தக் கூடாது என்று 1970களில் ரே கெல்லர் காட்டினார். பழைய புத்தகமும் புதிய புத்தகமும் முரண்படுவதுபோல் தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இப்போது பிரச்சினை கண்முன்னே இருக்கிறது. குடலாக வேண்டிய செல்கள் வெளியே தெரிகின்றன. தசையாக வேண்டியவை பக்கவாட்டில் இருக்கின்றன. எல்லாம் உள்ளே போயாக வேண்டும், நீலம் மட்டும் வெளியே பரவி முழு உடலையும் மூட வேண்டும்.

படி 2: செல்லுக்குத் தெரிந்த சில வேலைகள்

கருவைத் தொடருமுன் கருவிகளைத் தெரிந்துகொள்வோம். எண்ணிப் பார்த்தால் சொற்பம்தான், ஆனால் இவற்றைக் கொண்டே எல்லா விலங்குகளும் உடலைக் கட்டுகின்றன.

முதலாவது, வெளிமுகம் சுருங்குவது. ஒரு அடுக்கில் இருக்கும் செல்லுக்கு வெளியைப் பார்த்த முகம் ஒன்று, உள்ளைப் பார்த்த முகம் ஒன்று. வெளிமுகத்துக்குச் சற்றுக் கீழே ஆக்டின் இழைகளும் மயோசின் புரதமும் கொண்ட வலை இருக்கிறது. நம் தசையைச் சுருக்குவதும் இதே ஜோடிதான். இந்த வலை சுருங்கினால் வெளிமுகம் சிறுக்கிறது, செல்லின் கனஅளவு மாறாததால் அடிப்பக்கம் பருக்கிறது. ஒரு செல் மட்டும் இப்படிச் செய்தால் ஒன்றும் ஆகாது. ஒரு வரிசையே ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தபடி இதைச் செய்தால் அடுக்கு உள்நோக்கி வளைந்தே தீரும். 1947இல் வாரன் லூயிஸ் என்பவர் பித்தளைத் தண்டுகளையும் ரப்பர் பட்டைகளையும் கோத்து ஒரு மாதிரி செய்து இதைக் காட்டினார். தண்டுகள் செல்களின் பக்கச் சுவர், ரப்பர் பட்டைகள் இழுவிசை. ஒரு பக்கத்துப் பட்டைகளை வலுவாக்கினால் முழு வரிசையும் தானாக வளையும்.

இதை உயிருள்ள கருவில் மிகத் தெளிவாகப் பார்த்தது பழ ஈயில்தான். கருவுற்ற மூன்று மணி நேரத்தில் ஈக்கருவின் அடிவயிற்றில் சுமார் ஆயிரம் செல்கள் இப்படிச் சுருங்கி, ஏறக்குறைய கால் மணி நேரத்தில் ஒரு பள்ளமாக உள்ளே இறங்கிவிடுகின்றன. சுருக்கம் சீராக நடக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2009இல் ஆடம் மார்ட்டின், எரிக் வீஷாஸ் குழுவினர் மயோசினை ஒளிரச் செய்து பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. மயோசின் செல்முகத்தின் நடுவில் திரள்கிறது, முகம் கொஞ்சம் சுருங்குகிறது, மயோசின் கலைகிறது. ஆனால் சுருங்கிய முகம் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை, அங்கேயே பிடித்து நிற்கிறது. சிறிது நேரத்தில் மறுபடி ஒரு இழுப்பு, மறுபடி ஒரு நிறுத்தம். இழுப்பதற்கு நிகரான முக்கியத்துவம் விட்டுவிடாமல் பிடித்து நிற்பதற்கும் உண்டு. அந்தப் பிடிப்புக்குத் தேவையான ட்விஸ்ட் மரபணு பழுதானால் செல்கள் துடித்துக்கொண்டே இருக்கும், பள்ளம் விழாது.

இரண்டாவது, இடையில் நுழைவது. கோயிலில் நான்கு பேர் அகலத்துக்கு நிற்கும் கூட்டம் ஒற்றை வரிசையாக மாறுவதை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் நின்றவர் முன்னவருக்கும் பின்னவருக்கும் நடுவே வந்து நிற்கிறார். யாரும் முன்னால் ஓடவில்லை, ஆளும் கூடவில்லை, ஆனால் வரிசை நீண்டு தெருமுனைக்குப் போய்விடுகிறது. செல்கள் பக்கவாட்டில் இப்படி நுழைந்தால் அடுக்கு குறுகி நீளும். மேலும் கீழுமாக, அடுக்குகளுக்கிடையே நுழைந்தால் கனமான அடுக்கு மெலிந்து பரவும்.

மூன்றாவது ஊர்வது: செல் ஒரு தளத்தைப் பற்றிக்கொண்டு முன்விளிம்பை நீட்டி நகர்வது. நான்காவது, ஒட்டும் புரதத்தை மாற்றுவது: அண்டைச் செல்லோடு ஒட்டவைக்கும் கேட்ஹெரின்களைக் குறைத்தோ வகை மாற்றியோ அடுக்கிலிருந்து பிரிந்துபோவது.

சரி, இனி கருவுக்குத் திரும்புவோம்.

படி 3: ஒன்பதாவது மணி, ஒரு கருங்கோடு

23 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கருவுற்று சுமார் 9 மணி நேரம் ஆகும்போது, முதுகுப் பக்கத்தில், வெளிறிய பாதியின் மேல் விளிம்பை ஒட்டி, குட்டையான கருங்கோடு ஒன்று தோன்றும். நியூகூப், ஃபேபர் இருவரும் வகுத்த அட்டவணையில் இது 10ஆம் நிலை.

நுண்ணோக்கியில் இதை அருகே பார்த்தால் அழகாக இருக்கும். அங்கே புதிதாக நிறமி எதுவும் உண்டாகவில்லை. செல்களின் வெளிமுகம் சுருங்கச் சுருங்க, அந்த முகத்தில் பரவியிருந்த கருநிறத் துகள்கள் சிறிய இடத்துக்குள் நெருங்குகின்றன, அதனால் கோடாகத் தெரிகிறது. அதாவது வெளிமுகச் சுருக்கத்தை நிறமி நமக்கு எழுதிக் காட்டுகிறது. உள்ளே இந்தச் செல்களின் கழுத்து ஒடுங்கி, அடி பருத்து, குப்பி வடிவில் இருக்கும். பெயரும் அதுவே: குப்பிச் செல்கள். இவற்றின் மேல் விளிம்பு சற்றுத் தள்ளிக்கொண்டு நிற்பதுதான் முதுகு உதடு. கோடு மெல்ல இரு பக்கமும் வளைந்து ஓடி, பிறைவடிவமாகி, கடைசியில் வயிற்றுப் பக்கத்தில் சந்தித்து முழு வட்டமாகும். அந்த வட்டம்தான் பிளாஸ்டோபோர். அதற்குள் இன்னும் வெளியே தெரிந்துகொண்டிருக்கும் மஞ்சள்கருச் செல்கள் மஞ்சள்கரு அடைப்பு.

இப்போது கேள்வி: எல்லாவற்றையும் உள்ளே இழுப்பது இந்தக் குப்பிச் செல்கள்தானா? பார்த்தால் அப்படித்தான் தோன்றும், பல பாடநூல்களும் அப்படியே எழுதின. கெல்லர் 1981இல் குப்பிச் செல்கள் உருவான பிறகு அவற்றை வெட்டி எடுத்துப் பார்த்தார். உள்ளே போவது நிற்கவில்லை! குடற்குழி மட்டும் முழு அளவுக்கு வரவில்லை. குப்பிச் செல்கள் பள்ளத்தைத் தொடங்கிவைக்கின்றன, விளிம்பை உள்நோக்கிச் சாய்த்துவிடுகின்றன. பெரும்பாரத்தைச் சுமப்பது வேறு செல்கள். கண்ணுக்கு முதலில் படுவதையே காரணம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை இந்த ஒரு சோதனை எனக்கு உடைத்துவிட்டது. இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

படி 4: விளிம்பைத் தாண்டி உள்ளே

கருங்கோடு வெளியே தெரியும் முன்பே உள்ளே அசைவு தொடங்கிவிடுகிறது. குழியின் தரையிலிருக்கும் மஞ்சள்கருச் செல்கள் நடுவிலிருந்து மேலெழுந்து ஓரங்களை நோக்கிச் சுழல்கின்றன. அதனால் சிவப்பு வளையத்தின் உள்விளிம்பு மேல்நோக்கித் திரும்பி, குழியின் கூரையைத் தொடுகிறது.

அடுத்து முதலில் உள்ளே போகும் செல்கள், அதாவது தலையின் நடு அடுக்காகப் போகிறவை, ஊரத் தொடங்குகின்றன. எதன் மேல்? நீலக் கூரையின் அடிப்பக்கத்தில். அந்தப் பரப்பில் ஃபைப்ரோனெக்டின் என்னும் புரத இழைகள் வலையாகப் படிந்திருக்கும், செல்கள் இன்டெக்ரின் ஏற்பிகளால் அதைப் பற்றிக்கொள்கின்றன. ஃபைப்ரோனெக்டினில் செல் பற்றும் இடத்தைப் போன்ற சின்னப் பெப்டைடை (புரதத் துண்டை) கருவுக்குள் செலுத்தினால் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொண்டு ஏமாறுகின்றன. 1984இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நியூட் (நீர்ப்பல்லி வகை) கருவில் இதைச் செய்தபோது கேஸ்ட்ருலேஷனே நின்றுபோனது.

இந்த முன்னோடிகளுக்குப் பின்னால் சிவப்பு வளையம் விளிம்பில் மடிந்து, திசை திரும்பி, நீலக் கூரையின் அடியிலேயே எதிர்த்திசையில் போகிறது. படம் வரையும்போது இங்கேதான் கவனம் வேண்டும். வெளியடுக்கு கீழ்நோக்கி விளிம்புக்கு வருகிறது, உள்ளடுக்கு விளிம்பிலிருந்து மேல்நோக்கிப் போகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டபடி எதிரெதிராக நழுவுகின்றன, நடுவே மெல்லிய இடைவெளி. முதலில் உள்ளே போனது தலைப்பக்கம் சேரும், கடைசியில் போனது வால்பக்கம் சேரும். இந்த ஒரு விதி தெரிந்தால் முன்பின் குழப்பம் வராது.

சிவப்போடு ஒட்டியிருக்கும் மேற்பரப்பு மஞ்சள் செல்களும் கூடவே உள்ளே வருகின்றன. அவை அதிகம் உழைப்பதில்லை. அவை உள்ளே வர வர ஒரு புதிய பிளவுபோன்ற குழி நீள்கிறது. அதுதான் ஆர்க்கென்டிரான், எதிர்காலக் குடல். அது பெரிதாகும்போது பழைய குழி நசுங்கி ஓரமாகப் போய் மறைகிறது. எடை இடம் மாறுவதால் கரு தன் உறைக்குள் மெல்லப் புரண்டு படுத்துவிடும். ஆய்வகத்தில் பார்ப்பவர்கள் இந்தப் புரளலை எதிர்பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் திசை தவறிவிடும்.

படி 5: குறுகி நீள்வது, கதையின் முதுகெலும்பு

உள்ளே போன சிவப்பு அடுக்கின் நடுப்பகுதி, முதுகுநாணாகவும் அதன் இருபுறத் தசைக் கட்டிகளாகவும் ஆகப்போவது, இப்போது இடையில் நுழையும் வேலையைத் தொடங்குகிறது. அகலமாக இருந்த பகுதி நடுக்கோட்டை நோக்கிக் குறுகி, தலையிலிருந்து வால்வரை நீள்கிறது. கேஸ்ட்ருலேஷனின் பிற்பாதியில் பிளாஸ்டோபோரை மூடவைக்கும் பெரிய விசை இதுதான். வட்டமான கருவை நீளமான உடலாக்குவதும் இதுதான்.

இந்தச் செல்களை யாராவது முன்னாலிருந்து இழுக்கிறார்களா? கெல்லரின் சோதனை இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. 10ஆம் நிலைக் கருவின் முதுகு உதட்டுப் பகுதியை இரண்டு கருக்களிலிருந்து வெட்டி, உட்புறம் உட்புறத்தைப் பார்க்க ஒட்டி, வெறும் உப்புநீரில் வைத்தார். பற்றிக்கொள்ளத் தளம் இல்லை, இழுக்க வேறு செல் இல்லை, பக்கத்தில் கருவே இல்லை. ஆனாலும் அந்தத் துண்டு சில மணி நேரத்தில் தானாகக் குறுகி நீண்டது. விசை அந்தத் திசுவுக்குள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு செல்லும் முதலில் எல்லாத் திசையிலும் சின்னச் சின்ன நீட்சிகளை விட்டுப் பார்க்கும். அப்புறம் இரண்டே திசை, நடுக்கோட்டுப் பக்கமும் வெளிப்பக்கமும். செல் அந்த அச்சில் நீண்டு, இரு முனையாலும் அண்டைச் செல்களைப் பற்றி இழுக்கிறது. அண்டைச் செல்லும் இதையே செய்கிறது. இருவரும் இழுக்க, ஒருவர் இடையில் ஒருவர் நுழைகிறார்கள். இழுவை குறுக்கே, நீட்சி நெடுக்கே. இதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள், ஏனென்றால் நரம்புத் தகடும் இதே வேலையைச் செய்யப்போகிறது.

எது நடுக்கோடு, எது முன், எது பின் என்று செல்லுக்குச் சொல்வது வேன்கிள்2, செல்சர்1, டிஷெவெல்ட் முதலிய புரதங்களின் குழு. ஜெனோபஸில் டிஷெவெல்டின் இந்த வேலையை மட்டும் தடுத்தால், செல்கள் செத்துப்போவதில்லை, அடையாளம் மாறுவதுமில்லை, தசை தசையாகவே ஆகிறது. ஆனால் நீட்சிகள் திசை தெரியாமல் அலைகின்றன, கரு குட்டையாகவும் அகலமாகவும் நின்றுவிடுகிறது. நரம்புக்குழலும் மூடாது. அது ஏன் என்பதை ஏழாம் படியில் பார்ப்போம்.

படி 6: நீலம் பரவுகிறது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீலக் கூரையின் உள்செல்கள் மேலும் கீழும் ஒன்றுக்குள் ஒன்று நுழைய, பல அடுக்கு இரண்டு அடுக்காக மெலிகிறது. மெலிந்தது பரப்பளவில் பெருகுகிறது. மேற்பரப்புச் செல்கள் தட்டையாகி ஈடுகொடுக்கின்றன. கருவுற்று சுமார் 14 மணி நேரத்தில் மஞ்சள்கரு அடைப்பு மறைந்து, வெளியே நீலம் மட்டும் தெரியும்.

இடையில் ஒரு கேள்வி: அடுக்குகள் ஏன் ஒன்றோடொன்று கலப்பதில்லை?

எதிரெதிராக நழுவும் இரண்டு அடுக்குகள் தொட்டபடியே இருக்கின்றன. ஏன் ஒட்டி ஒன்றாகிவிடுவதில்லை? 1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் இருவரும் வெளியிட்ட சோதனை இதில் அடித்தளம். நீர்நில வாழ்விகளின் கருத் திசுக்களைக் காரக் கரைசலில் வைத்துத் தனித்தனிச் செல்களாக உதிர்த்தார்கள், வகைகளைக் கலந்து ஒரே உருண்டையாக்கினார்கள். செல்கள் தாமாகவே பிரிந்து, தோல் செல்கள் வெளியே வந்தன, நரம்புச் செல்கள் உள்ளே சேர்ந்தன, இயல்பான கருவில் இருக்கும் அதே ஒழுங்கில். பின்னால் மசடோஷி டகெய்ச்சி கேட்ஹெரின்களைக் கண்டறிந்தபோது இந்த இனப்பற்றின் மூலக்கூறு கையில் வந்தது. ஒவ்வொரு திசுவும் எந்த கேட்ஹெரினை எவ்வளவு ஏந்தியிருக்கிறது என்பது அது யாரோடு ஒட்டும் என்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. இதோடு, நடு அடுக்கும் புற அடுக்கும் தொடும் எல்லையில் இரண்டையும் விலக்கிவைக்கும் எஃப்ரின் சமிக்ஞைகளும் உண்டு.

படி 7: தகடு குழலாகிறது

இனி குறுக்குவெட்டில் வரையுங்கள். மேலே நீலம், நடுவில் அதன் நேர் கீழே வட்டமாக முதுகுநாண், அதன் இருபுறமும் சிவப்புக் கட்டிகள், அடியில் மஞ்சள்.

முதலில் நரம்பு ஆவது எது என்று யார் சொல்கிறார்கள்? ஃப்ரைபர்க்கில் ஹான்ஸ் ஸ்பெமானின் மாணவி ஹில்டே மாங்கோல்ட், வெளிறிய நிற நியூட் கருவின் முதுகு உதட்டைக் கருநிற நியூட் கருவின் எதிர்ப்பக்கத்தில் பதித்தார். அங்கே இரண்டாவது உடல் அச்சு ஒன்று உருவானது. நிறம் வேறுபட்டதால் ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது: அந்த இரண்டாவது நரம்புக்குழல் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட கருவின் செல்களால் ஆனது. பதித்த துண்டு தானே நரம்பாகவில்லை, பக்கத்துச் செல்களை நரம்பாகும்படி திருப்பியது. கட்டுரை வெளியான 1924ஆம் ஆண்டிலேயே ஹில்டே தீ விபத்தில் இறந்தார். 1935இல் ஸ்பெமானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சோதனைகளைத் தன் கையால் செய்தவர் ஹில்டே என்பதை இந்தப் பாடம் நடத்தும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

சரி, மடிப்பு. சுமார் 15 மணி நேரத்தில் முதுகு முழுவதும் நீல அடுக்கு தடித்துத் தட்டையாகிறது: நரம்புத் தகடு. செல்கள் உயரமாகின்றன. தகடு ஐந்தாம் படியில் பார்த்ததுபோலவே குறுகி நீள்கிறது. அதே நேரத்தில் வெளிமுகங்கள் சுருங்குகின்றன. இங்கே ஷ்ரூம்3 என்ற புரதம் ஆக்டினையும் மயோசினையும் வெளிமுகத்துக்கு அழைத்துவருகிறது. அது இல்லையென்றால் தகடு தட்டையாகவே கிடக்கும். தகட்டின் இரு ஓரங்களும் வரப்பாக எழுந்து, சரிந்து, நடுவில் சந்திக்கின்றன. சுமார் 22 மணி நேரத்தில் குழல் மூடி, தோல் அதன் மேல் தொடர்ச்சியாகிவிடும். சந்தித்த இடத்திலிருந்து நரம்பு முகட்டுச் செல்கள் ஒட்டுதலைத் தளர்த்திப் பிரிந்து ஊர்ந்துபோய், தோலின் நிறமிச் செல்கள், முகத்தின் குருத்தெலும்பு, புற நரம்புகள் எனப் பலவாக ஆகின்றன.

எலி, கோழிக் கருக்களில் தகடு எங்கும் சமமாக வளைவதில்லை. குறிப்பிட்ட கீல்களில் வளைகிறது: நடுவில் முதுகுநாணுக்கு நேர் மேலே ஒன்று, சில பகுதிகளில் பக்கங்களில் இரண்டு. நடுக்கீலில் இருக்கும் செல்களின் உட்கரு அதிக நேரம் அடிப்பக்கத்திலேயே தங்குகிறது, அதனால் அடி அகன்று மேல் ஒடுங்கி ஆப்பு வடிவம் வருகிறது. பக்கத்துத் தோல் அடுக்கும் வெளியிலிருந்து தள்ளி உதவுகிறது.

இப்போது ஐந்தாம் படியில் விட்ட கேள்விக்கு வரலாம். தகடு குறுகாவிட்டால் இரு வரப்புகளும் எழுந்தாலும் இடையில் தூரம் அதிகம், எட்டித் தொட முடியாது. மடிப்பு சரியாகவே இருக்கிறது, பழுது குறுகுதலில். வேன்கிள்2 மரபணுவின் இரு பிரதியும் பழுதான எலிக்கருவில் பின்மூளையிலிருந்து முதுகு முழுவதும் குழல் திறந்தே இருக்கும். ஷ்ரூம்3 இல்லாத எலியில் நடப்பது வேறு, அங்கே மூளைப்பகுதி மூடுவதில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் மூடாத நரம்புக்குழல்தான், உள்ளே உழைக்காமல் போன செல் வேலை வேறு வேறு.

மனிதக் கருவில் இந்த நாட்கள்

மனிதரில் கரு தட்டையான வட்டத் தகடு. கருவுற்று சுமார் 15ஆம் நாள் ஆதிக்கோடு (செல்கள் உள்ளே இறங்கும் நடுக்கோட்டுப் பள்ளம்) தோன்றி மூன்று அடுக்குகள் உருவாகத் தொடங்குகின்றன. நான்காம் வாரத்தில் நரம்புக்குழல் மூடுகிறது: தலைப்பக்க வாய் சுமார் 25ஆம் நாள், வால்பக்க வாய் சுமார் 28ஆம் நாள். தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதி உருவாகாத நிலை, கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகுப் பக்கம் திறந்தே நிற்கும் ஸ்பைனா பைஃபிடா. நாள்கணக்கைப் பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போய் சுமார் இரண்டு வாரமே ஆன நேரம், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அதனால்தான் இந்தக் குறைபாட்டைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பம் உறுதியான பின் தொடங்கினால் இதற்குத் தாமதமாகிவிடும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முன்பு இப்படிப்பட்ட குறைபாட்டோடு கரு உண்டான பெண்களிடம் நடந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, 1991இல், தினம் 4 மில்லிகிராம் கொடுத்ததால் மறுபடி நிகழ்வது 72 சதவீதம் குறைந்தது என்று காட்டியது. அந்த அதிக அளவு மருத்துவர் சொன்னால் மட்டுமே.

இதையெல்லாம் ஒரே கண்ணாடித் தகட்டில் பார்க்க

விலங்கியல் படிக்கும் கல்லூரி ஆய்வகங்களில் கோழிக்கருவின் 24 மணி, 33 மணி நிலைகளைக் காட்டும் கண்ணாடித் தகடுகள் பெரும்பாலும் இருக்கும். ஜெனோபஸ் கிடைக்காவிட்டால் கவலையில்லை, இதுவே போதும். ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள். தவளையில் செல்கள் அடுக்காக விளிம்பைச் சுற்றி மடிந்து உள்ளே போகின்றன. கோழியில், நம்மில் நடப்பதைப்போலவே, நடுக்கோட்டில் விழும் ஆதிக்கோட்டின் வழியே செல்கள் ஒட்டுதலைத் தளர்த்தி, தனித்தனியாகக் கீழே இறங்கிப் பக்கவாட்டில் பரவுகின்றன. சுமார் 18 மணியில் கோடு முழு நீளம் பெறும், அதன் முன்முனையில் ஹென்சன் கணு என்னும் செல் திரட்சி. அப்புறம் கணு பின்வாங்கத் தொடங்கும், அது போன வழியில் முதுகுநாண் படிந்துகொண்டே போகும்.

கணு பின்வாங்குவதால் கோழிக்கருவில் தலைப்பக்கம் எப்போதும் மூப்பு, வால்பக்கம் எப்போதும் இளமை. ஆகவே 33 மணித் தகட்டைப் பின்னாலிருந்து முன்னோக்கிப் பாருங்கள். கடைசியில் ஆதிக்கோட்டின் மிச்சம், செல்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் இடம். அதற்கு முன்னால் திறந்து அகன்று கிடக்கும் நரம்புத் தகடு. அதற்கும் முன்னால் இரு வரப்புகளும் நெருங்கி வரும் பகுதி, இருபுறமும் சோமைட் கட்டிகள் (ஐந்தாம் படியில் கண்ட தசைக் கட்டிகள்) ஜோடி ஜோடியாக, சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு ஜோடி என்ற கணக்கில் சேர்ந்தவை. தலையில் மூடிய குழல், மூளையின் வீக்கங்கள், பக்கத்தில் கண்ணின் தொடக்கம். ஒவ்வொரு இடத்திலும் நின்று, குறுக்குவெட்டு எப்படி இருக்கும் என்று தாளில் வரைந்துவிட்டு, அதன்பின் உண்மையான குறுக்குவெட்டுத் தகட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.